டிராவை ரசிக்கத் தெரியுமா?

கால்பந்து லீக்கை ரசிக்க எல்லா ஆட்டத்தையும் பார்க்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வாரம் ஒரு ஷிப்ட் மாறும் ஒரகடம் தொழிற்பேட்டையில் அது நடக்கிற காரியமா? வல்லக்கோட்டை முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு கம்பெனி பஸ் ஏறுகிறவருக்கு ஒரு பாக்கெட் நோட்டும் பேனாவும் போதும்.

ஐபிஎல் பழக்கத்தை மறந்துவிடுங்கள்

ஐபிஎல்லில் புள்ளிப் பட்டியல் வாசல்படி மட்டுமே. அதைத் தாண்டி பிளே-ஆஃப், ஃபைனல் என்று இருக்கிறது. அசல் லீக்கில் ஃபைனலே கிடையாது. ஸ்வீடனின் ஆல்ஸ்வென்ஸ்கானில் 16 அணிகள், தலைக்கு 30 ஆட்டம், முடிவில் பட்டியலில் மேலே இருப்பவரே சாம்பியன். 2025-ல் அப்படி மேலே நின்றது ஹெல்லெவிக் என்ற மீனவ கிராமத்தின் மியால்பி. ஒரே ஒரு தோல்வி, 75 புள்ளி, கிளப்பின் முதல் பட்டம். ஒருநாள் அதிர்ஷ்டத்தில் இது வராது. மாதக் கடைசியில் உற்பத்திக் கணக்கு எழுதியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நோட்டில் கோடு போடுங்கள்

நான்கு கட்டம்: வெற்றி, டிரா, தோல்வி, புள்ளி. வென்றால் 3, டிராவுக்கு 1, தோற்றால் ஒன்றுமில்லை. ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டு அணிகளையும் குறித்து வாருங்கள். டீ பிரேக்கில் இரண்டு நிமிட வேலை. நாலைந்து வாரத்தில், பார்க்காத ஆட்டத்தின் ஸ்கோருக்கும் மனம் அடித்துக்கொள்ளும்.

கடைசி நாளுக்கு லீவு போடுங்கள்

இந்தியாவின் 2018-19 ஐ-லீக்கை எடுத்துக்கொள்வோம். 11 அணிகள், தலைக்கு 20 ஆட்டம். பேரில் சென்னை, ஆடுவது கோவை நேரு ஸ்டேடியம் என்றிருந்த சென்னை சிட்டிக்கு சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். முன்வரிசையில் 21 கோல் அடித்த பெத்ரோ மான்சி.

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39. ஒரே நேரத்தில் கோவையில் ஓர் ஆட்டம், கோழிக்கோட்டில் ஓர் ஆட்டம். கோவையில் தொடங்கிய சூட்டிலேயே மினர்வா பஞ்சாப் கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். ஆனால் அங்கே ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால், இங்கே டிரா போதாது, பட்டம் கொல்கத்தாவுக்கு. அப்போது முன்னேறி வந்து கோல் அடித்தவர் தற்காப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா. கடைசி நேரத்தில் இன்னொன்றும் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றே விட்டது. 43-க்கு 42.

இப்படிப்பட்ட நாளில் ஒரு செல்போன் பத்தாது. பக்கத்துச் சீட்டுக்காரரையும் ரசிகராக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தபின் பின்னால் புரட்டுங்கள்

பெரும்பாலோர் கோப்பையைத் தூக்கியதும் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் நோட்டைப் பாருங்கள். சென்னை சிட்டி வென்றது 13. ஈஸ்ட் பெங்கால் வென்றதும் அதே 13! இவர்களுக்கு 4 டிரா, 3 தோல்வி. அவர்களுக்கு 3 டிரா, 4 தோல்வி. வித்தியாசம் அவ்வளவுதான். போராவின் கோல்களை ஊரே பேசும். ஆனால் தோற்காமல் இழுத்துப் பிடித்த ஏதோ ஒரு டிராவும் அதே கோப்பையில் ஒரு கைப்பிடி.

அடுத்த முறை 0-0 என்று முடிந்தால் "சப்பை மேட்ச்" என்று சேனலை மாற்றாதீர்கள். நோட்டை எடுத்து, டிரா கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள்.