அன்பும் இழப்பும்: அயர்லாந்துக் கவிதையைத் தமிழாக்குவதில் இலக்கணத்தின் பங்கு

பாலக்காடு மாவட்டத்து நல்லேப்பிள்ளி, தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் எல்லைப் பகுதியைச் சார்ந்தது. அங்கு ஒருவர் மலையாளத்தில் ‘எனிக்கு விஷமமாணு’ என்றால் தம் வருத்தத்தைக் கூறுகிறார். தமிழிலோ விஷமம் என்பது குறும்பு. சொல் பொதுவாயினும் பொருள் வேறு. ஆயின் ‘எனிக்கு’, ‘எனக்கு’ என்னும் நான்காம் வேற்றுமை இரு மொழிகளிலும் உணர்ச்சியை ஒரே வகையில் ஏற்கிறது. சொல்லொப்புமை ஏமாற்றும், அமைப்பொப்புமை வழிகாட்டும். இருமொழியாளர் பழக்கத்தால் அறிந்த இவ்வுண்மை, அன்பையும் இழப்பையும் குடும்பத்தையும் பாடும் இக்கால அயர்லாந்துக் கவிதையைத் தமிழாக்குவார்க்கும் பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. உணர்ச்சியின் இடம்

வருத்தத்தைக் கூற ஐரிஷ் மொழியில் ‘தா ப்ரோன் ஒரம்’ என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘துக்கம் என்மேல் உள்ளது’ என்றாகும். அன்பைக் கூறுங்கால் ‘தா க்ரா அகம்’, அதாவது ‘அன்பு என்னிடம் உள்ளது’ என்பர். இங்குள்ள ‘அகம்’ நம் அகத்திணையை நினைவூட்டினும் அவ்வொலியொப்புமை தற்செயலானதே. கருதத்தக்கது தொடரமைப்பாகும். உணர்பவர் எழுவாயாக நிற்பதில்லை, உணர்ச்சியே எழுவாய். ‘எனக்குத் துக்கமாக இருக்கிறது’ என்னும் தமிழ்த்தொடர் இதற்கு அணித்தானது. ஆங்கிலத்திலோ பெரும்பாலும் உணர்பவரே எழுவாய்.

ஐரிஷ் மொழியில் எழுதும் நூலா நீ கோனலின் கவிதைகளை 13 கவிஞர்கள் ஆங்கிலமாக்கிய இருமொழித் தொகுப்பு ‘பார்வோனின் மகள்’ 1990இல் வெளிவந்தது. ஆங்கிலப் பக்கத்தை மட்டும் நம்புவோர் ‘நான் துயருறுகிறேன்’ என எழுத நேரும். ஐரிஷ் பக்கத்தையும் இலக்கணத் துணையோடு நோக்குவோர், தமிழுக்கு இயல்பான தொடரே மூலத்திற்கும் நெருக்கமானது எனக் காண்பர்.

எனினும் ஓர் எல்லை உண்டு. ‘துக்கம் என்மேல் கவிந்தது’ எனப் பெயர்ப்பது பிழையாகும். ஐரிஷில் அது அன்றாட வழக்கு, தமிழில் அணியாகிவிடும். எளிய கூற்றை அணியாக்குவது இரங்கற் கவிதைக்கு ஊறு செய்யும்.

2. உறவின் சுட்டு

ஷேமஸ் ஹீனி (1939–2013) ஆங்கிலத்தில் எழுதியவர். 1953இல் சாலை விபத்தில் இறந்த தம்பியைப் பற்றிய அவரது கவிதை 1966ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ளது. இறந்தவர் இன்ன உறவினர் என அதில் எங்கும் பெயர் சுட்டவில்லை. வயதோ இறுதியடியில்தான் வெளிப்படுகிறது. ஆங்கிலப் படர்க்கைப் பெயர் மூத்தவர், இளையவர் என்ற வேறுபாட்டைக் காட்டாமையால் இது எளிதாகிறது. தமிழிலோ ‘அவன்’, ‘அவர்’ இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தெளிவு கருதித் ‘தம்பி’ எனச் சேர்த்தால் இறுதியடியின் வலிமை முன்னரே கரைந்துவிடும்.

இதற்குத் தீர்வும் தமிழிலேயே உண்டு. ‘பார்த்தேன்’ என்னும் வினைமுற்று, செயப்படுபொருள் வெளிப்படாமலே நிற்கவல்லது. சூழலால் பொருள் பெறப்படும். இறந்தவரின் இளமையும் மறைந்து நிற்கும். மூலத்தில் படர்க்கைப் பெயரின் பொதுமை செய்த பணியை, தமிழில் அப்பெயரின் இன்மை செய்கிறது.

குடும்ப இழப்பைப் பாடும் கவிதையில் துயரம் சொற்களில் மட்டும் தங்குவதில்லை; எழுவாயின் இடத்திலும் கூறாது விட்ட உறவிலும் தங்குகிறது. எனவே மொழிபெயர்ப்பாளர் அகராதியை நாடுமுன், மூலமொழி எதனைக் கூறக் கட்டாயப்படுத்துகிறது, எதனை மறைக்க இடந்தருகிறது என்பதை ஆராய்தல் வேண்டும்.