புல் முளைத்த ஓவியம்

ஓவியர் ஜோன் எர்ட்லி 1960இல் வரைந்த 'விதை முற்றிய புற்களும் டெய்சிகளும், செப்டம்பர்' ஓவியத்தைத் தள்ளி நின்று பார்த்தால், கோடை முடிந்த வயலோரம் ஒன்று தெரியும். கிட்டே போனால் கண் தடுமாறிவிடும். திட்டுத்திட்டாக அப்பிய எண்ணெய் வண்ணத்துக்குள் நிஜப் புல்தாள்கள் பதிந்திருக்கின்றன. விதைக்கதிர்கள் வண்ணத்தோடு வண்ணமாகக் காய்ந்து கிடக்கின்றன. எது தூரிகை இழுத்த கோடு, எது மண்ணில் முளைத்த தண்டு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஸ்டோன்ஹேவனுக்குத் தெற்கே, கடலைப் பார்த்த மேட்டில் வரிசை வீடுகளாக நிற்கும் மீனவர் கிராமம் கேட்டர்லைன்; இந்த ஓவியம் பிறந்த இடம். 1950களில் அங்கே ஒரு சிறிய வீட்டைத் தன் இடமாக்கிக்கொண்ட எர்ட்லி, வெட்டவெளியில் நின்றே வரைந்தார். காற்று தூக்கிப்போகாமல் இருக்கப் பெரிய பலகைகளைக் கயிற்றாலும் கல்லாலும் கட்டி நிறுத்தினார். அந்தக் காற்றின் அவசரம் அவருடைய ஒவ்வொரு வீச்சிலும் இருக்கிறது.

அவர் கற்ற இடங்கள் பல. கிளாஸ்கோ கலைப்பள்ளியில் பயின்றவர். உதவித்தொகையில் இத்தாலிக்குப் போய் ஜியோட்டோ, மசாச்சோ சுவரோவியங்களைப் பார்த்தவர். உருவத்துக்கு எடை தரும் பயிற்சி அங்கே வாய்த்தது. வண்ணத்தைக் கெட்டியாக, தயங்காமல் இடும் துணிவில் வான்கோவின் சாயல் தெரிகிறது. வண்ணத்தைத் தெளித்தும் வழியவிட்டும் வரைந்த சமகால அரூப ஓவியர்களின் விடுதலையும் கலந்திருக்கிறது. ஆனாலும் எர்ட்லி அரூபத்தின் வாசல்வரை போவாரே தவிர, வயலை விட்டு வெளியேற மாட்டார்.

நிலக்காட்சி வரைபவர்கள் பெரும்பாலும் மேட்டில் ஏறி நின்று ஊரைப் பார்ப்பார்கள். இவர் புல்லின் உயரத்துக்கு இறங்கிவிடுகிறார். நம் முகத்துக்கு நேரே தண்டுகள் பின்னிக் கிடக்க, நடுவே டெய்சிகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெறிக்கின்றன. வயலுக்குள் உட்கார்ந்து எழுந்தவருக்கே கிடைக்கும் பார்வை இது.

தலைப்பில் மாதத்தைச் சொன்னதும் சும்மா அல்ல. வீட்டையொட்டிய அதே வயல்களை, பயிர் வளர வளர, திரும்பத் திரும்ப வரைந்தவர் அவர். நாற்பத்திரண்டே வயதில், 1963 ஆகஸ்டில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அஸ்தியை கேட்டர்லைன் கரையில்தான் தூவினார்கள். 1960இன் செப்டம்பர் விதைகள் மட்டும், உதிராமல், அந்தப் பலகையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.