மாதிரிவழி வடிவமைப்பும் குழுத்திறனும்: ஏ380 வானூர்தியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

மாதிரிவழிப் பொறியியல் வடிவமைப்பு குழுவின் செயல்திறனைத் தானாகவே உயர்த்தும் என்னும் கருத்து, பொறியியல் மேலாண்மை எழுத்துகளில் ஏறத்தாழ ஓர் எடுகோளாகவே நிலைபெற்றுவிட்டது. வரைபடத் தாள்களுக்கு மாற்றாக முப்பரிமாணக் கணினி மாதிரியைக் கையாண்டால் பிழை குறையும், காலம் மிஞ்சும் என்பது அதன் சாரம். ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ380 வானூர்தி இக்கருத்தை ஐயுற வைக்கிறது.

ஹாம்பர்க்கில் உருவான உடற்பகுதிகள் பிரான்சின் துலூஸ் நகருக்கு வந்து சேர்ந்தபோது, அவற்றின் மின்கம்பிகள் பல உரிய இடத்தை எட்டவில்லை. ஒரு வானூர்தியில் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளக் கம்பி உண்டு என்பதை நோக்க, இது சிறு இடர் அன்று. ஜெர்மானியக் குழு கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பையும் பிரெஞ்சுக் குழு ஐந்தாம் பதிப்பையும் கையாண்டன. 2006இல் அடுத்தடுத்துத் தாமதங்கள் அறிவிக்கப்பட்டன. முதல் வானூர்தி 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

இதனைப் பதிப்பு வேறுபாட்டின் விளைவு என்று கூறி அமைவதே பொதுவழக்கு. அவ்விளக்கம் எளிது, ஆனால் போதாது. இரு பதிப்புகள் புழங்கியது மறைபொருள் அன்று. அதனைக் களையும் பொறுப்பும் அதிகாரமும் எவரிடம் இருந்தன என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. நான்கு நாடுகளின் தொழிற்பிரிவுகள் ஒரே நிறுவனமாக இணைந்தது 2001இல்தான். ஏ380 திட்டமோ அதற்கு முன்பே, 2000 டிசம்பரில் தொடங்கிவிட்டது. பழைய எல்லைகள் மென்பொருள் தேர்விலும் நீடித்தன எனக் கொள்வதே பொருந்தும்.

போயிங் 777 இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அதுவும் கேட்டியாவில் வடிவமைக்கப்பட்டதே, 1994இல் பறந்தது. ஆயினும் அங்கு வடிவமைப்பாளரும் உற்பத்தியாளரும் ஒருங்கே அமர்ந்த 238 குழுக்கள் இயங்கின; வானூர்தியை வாங்கவிருந்த நிறுவனங்களின் கருத்தும் கேட்கப்பட்டது. மூக்குப்பகுதிக்கு மட்டும் முழுஅளவு மாதிரி ஒன்றைச் செய்து கணினி மாதிரியைச் சரிபார்த்தனர். (கணினி வெற்றியாக மட்டும் இதனைப் புகழ்வோர் அக்குழு அமைப்பை ஏனோ அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுகின்றனர்.) ஒரு நாட்டு நிறுவனம் ஆதலின் எளிதாயிற்று என்பாரும் உளர். ஆனால் 777இன் உடற்பகுதித் தகடுகள் பல ஜப்பானிய நிறுவனங்களில் உருவானவை. தொலைவும் மொழியும் அங்கும் இருந்தன.

எனவே குழுத்திறனை அளக்க முற்படும் ஆய்வுகள் மாதிரி வரைய ஆகும் நேரத்தைக் கணக்கிடுவது போதாது. ஒரு குழு செய்த மாற்றம் அண்டைக் குழுவின் மாதிரியில் இடம்பெற எத்தனை நாளாகிறது என்பதையே முதலில் அளத்தல் வேண்டும்.