மன்னிப்புக் கேட்கப் பழக்குதல்: யூத மரபின் நெறிகள்

பிழை உணர்ந்து திருந்துவதை எபிரேய மொழி 'தெஷுவா' என்று குறிக்கிறது. 'திரும்பி வருதல்' என்பது அதன் நேர்ப்பொருள். திருந்துதலை, விலகிச் சென்ற வழிக்கே மீளும் ஒரு செயலாகக் கொண்ட யூத மரபில், சிறுவரை மன்னிப்புக் கேட்கப் பழக்குவது வாய்மரியாதை கற்பிப்பதோடு முடியாமல் அறப்பயிற்சியாகவே அமைந்துள்ளது.

ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட 'மிஷ்னா' என்னும் சட்டநூல் இதற்கு அடித்தளம் இட்டது. 'யோம் கிப்பூர்' என்னும் பாவநிவாரண நோன்பு நாள் கடவுளுக்கு எதிரான பிழைகளைப் போக்குமேயன்றி, பிறருக்கு இழைத்த தீங்கை அவர் மனத்தை ஆற்றும்வரை போக்காது என்பது அதன் விதி. காயப்படுத்தியவர் இழப்பீடு கொடுத்த பின்னும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவரும் கல்நெஞ்சராய் மறுக்கலாகாது. ஆனால் சிறுவர் பிறரைக் காயப்படுத்தினால் அவர்கள்மேல் சட்டப் பொறுப்பு இல்லை என்றும் அந்நூலே கூறுகிறது. ஆண் 13 வயதிலும் பெண் 12 வயதிலும் கட்டளைகளுக்குப் பொறுப்பேற்கின்றனர். அதற்கு முன் பெற்றோர் தரும் படிப்படியான பழக்கம் 'ஹினுக்' எனப்படுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த மோசே இஸ்ஸர்லெஸ், சிறுவயதுப் பிழைக்கும் வளர்ந்தபின் ஏதேனும் ஒரு கழுவாயை ஏற்பது நன்று என்றார். தண்டனை இல்லாத பருவத்திலும் செயலுக்குத் தடம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

திருந்துதலின் தன்மையைப் பின்வந்த அறிஞர்கள் பலவாறு விரித்தனர். 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடெஸ், தவற்றைக் கைவிடுதல், வருந்துதல், இனிச் செய்யாதிருக்க உறுதி கொள்ளுதல், வாய்விட்டு ஒப்புக்கொள்ளுதல் ஆகியவற்றை அதன் கூறுகளாக்கி, அதே வாய்ப்பு மீண்டும் வரும்போது விலகி நிற்பதே முழுமையான தெஷுவா என வரையறுத்தார். 13-ஆம் நூற்றாண்டின் கெரோனா யோனா அதை 20 நெறிகளாகப் பகுத்தார். 19-ஆம் நூற்றாண்டில் லித்துவேனியாவில் இஸ்ரயேல் சலாந்தர் தொடங்கிய 'மூசார்' இயக்கம் இடைவிடாத தன்னாய்வாலும் பயிற்சியாலும் குணத்தைத் திருத்த முயன்றது. 'ஹசிதியம்' என்னும் யூத பக்தி இயக்கத்தின் குருவான லியாதி ஷ்நேயுர் சல்மான், இதயத்தை மரத்துப்போகச் செய்யும் துயரத்தைத் தவிர்க்குமாறு எச்சரித்தார்.

இவற்றை நான்கு வயதுக் குழந்தைக்குப் பொருத்திப் பார்த்தால் தெளிவான அளவுகோல்கள் கிடைக்கின்றன. தோழியின் மரக்கட்டைக் கோபுரத்தைத் தட்டிவிட்ட குழந்தை, தான் செய்ததைச் சொல்லி, அவளுடைய அழுகையைக் கண்டு, கோபுரத்தை மறுபடி கட்ட உதவி, அடுத்த முறை கையை அடக்கிக்கொள்ளுமானால், அதன் வயதுக்கு ஏற்ற தெஷுவா அதுவே. பலர் முன் ஒருவரை நாணச் செய்வதை இரத்தம் சிந்துவதற்கு ஒப்பிடும், மிஷ்னாவை விரித்துரைக்கும் நூலான தல்மூத்தின் நெறிப்படி, கற்பிப்போர் குழந்தையைக் கூட்டத்தில் கூனிக் குறுகச் செய்வது தகாது. திருந்தியவரிடம் பழைய பிழையை நினைவூட்டலாகாது என்ற மிஷ்னாவின் விதியும் குழந்தைக்குப் பொருந்தும். குழந்தைக்கு வாக்களித்ததைக் கொடுக்காமலிருப்பது பொய்யைக் கற்பிப்பதாகும் என்றும் தல்மூத் கூறுகிறது; உணராத வருத்தத்தை அச்சுறுத்திச் சொல்லவைப்பதும் அதே பாடத்தையே கற்பிக்கும்.

ஆதலால் குழந்தையின் மன்னிப்பு உண்மையானதா என்பதைக் குரலின் பணிவைக் கொண்டு அளத்தல் பிழையாகும். அடுத்த முறை அதே தருணத்தில் அது என்ன செய்கிறது என்பதே அளவுகோல். அவ்வளவுகோலுக்குப் பெரியவரும் உட்பட்டவரே. குழந்தைக்குத் தவறிழைத்த பெற்றோர் அக்குழந்தையிடமே மன்னிப்புக் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஹினுக் அங்கிருந்தே தொடங்குகிறது.