ஆன்ட்: முதலில் சொன்னதே சட்டம்

இன்று ஜாவா படிப்பவர்கள் மேவன், கிரேடில் இரண்டையும்தான் பார்த்து வளர்கிறார்கள். வேலையில் சேர்ந்ததும் பழைய ப்ராஜெக்ட் ஒன்று கைக்கு வரும், திறந்தால் பில்ட்.எக்ஸ்எம்எல் உட்கார்ந்திருக்கும். அப்பாச்சி ஆன்ட்! சன் நிறுவனத்தில் இருந்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் டாம்கேட்டை பில்ட் செய்ய எழுதியது. 2000-இல் தனிக் கருவியாக வெளிவந்தது. இப்போதைய ஜேடிகேயில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க, சின்ன ப்ராஜெக்ட் ஒன்றை அதில் அமைத்து ஓட்டினேன்.

ஆன்ட்டின் ப்ராபர்ட்டி விதி புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு ப்ராபர்ட்டிக்கு முதலில் கிடைத்த மதிப்பே கடைசிவரை நிற்கும். கீழே எத்தனை முறை மாற்றி எழுதினாலும் சட்டை செய்யாது, எர்ரரும் காட்டாது. வெர்போஸ் முறையில் ஓட்டினால் மட்டும், மாற்றத்தைப் புறக்கணித்ததாக ஒரு வரி வரும். முரட்டுத்தனமாகத் தெரியும் இந்த விதியைத்தான் நான் இதன் சிறந்த அம்சம் என்பேன். கமாண்ட் லைனில் தரும் மதிப்புக்கு முதல் உரிமை. அடுத்து, அவரவர் மெஷினுக்கான ப்ராபர்ட்டீஸ் ஃபைலை ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே வாசிக்க வைக்கலாம். பொதுவான மதிப்புகள் அதற்குக் கீழே. இந்த வரிசை சரியாக இருந்தால், பொது ஸ்கிரிப்ட்டில் யாரும் கை வைக்காமலே ஆளுக்கொரு அமைப்பு கிடைத்துவிடும்.

எழுத்துப்பிழைக்குத்தான் இங்கே மன்னிப்பே இல்லை. இல்லாத ப்ராபர்ட்டியைக் கேட்டால் ஆன்ட் வெற்றிடம் தருவதில்லை. டாலர் குறியும் அடைப்பும் அப்படியே நிற்கும். ஃபோல்டர் உருவாக்கச் சொன்ன இடமென்றால், அந்தப் பெயரிலேயே ஒன்றை உருவாக்கியும் வைத்துவிடும். டாலரில் தொடங்கும் ஃபோல்டர் கண்ணில் பட்டால் காரணம் தேடி அலைய வேண்டாம்.

பாதைகளுக்கு 'வேல்யூ'வை விட்டு 'லொகேஷன்' பயன்படுத்துங்கள். லொகேஷன், ப்ராஜெக்ட் ஃபோல்டரை அடிப்படையாக வைத்து முழுப் பாதையாக மாற்றித் தரும்; வேல்யூ வெறும் எழுத்துச் சரம்தான். கிளாஸ்பாத்தை ஒரே இடத்தில் ஐடியுடன் எழுதி, கம்பைலுக்கும் டெஸ்ட்டுக்கும் அதையே சுட்டலாம். விண்டோஸின் அரைப்புள்ளி, லினக்ஸின் முக்காற்புள்ளி எதைப் போட்டாலும் ஆன்ட் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் ப்ராபர்ட்டீஸ் ஃபைலில் விண்டோஸ் பாதையை பேக்ஸ்லாஷுடன் எழுதினால் அந்த பேக்ஸ்லாஷ் மறைந்துபோகும். பக்கத்தில் 'என்' எழுத்து இருந்தால் புதுவரியாகிவிடும். லிப் ஃபோல்டரின் ஜார்களை மொத்தமாக ஃபைல்செட்டில் அள்ளும்போது வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. ஒரே கிளாஸ் இரண்டு ஜாரில் இருந்தால், ஒரு மெஷினில் ஓடுவது இன்னொன்றில் சண்டித்தனம் செய்யும்.

ஜாவாசி டாஸ்க்கில், ஆன்ட்டின் சொந்த ஜார்களைச் சேர்ப்பதற்கான பண்பை 'ஃபால்ஸ்' ஆக்கிவிடுங்கள்; கொடுக்காவிட்டால் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். 1.9.8-இல் வந்த 'ரிலீஸ்' பண்பும் அவசியம். சோர்ஸ், டார்கெட் இரண்டும் போதும் என்று நினைத்தால், பழைய ஜாவாவில் இல்லாத மெத்தடைக் கூப்பிட்டாலும் கம்பைல் ஆகிவிடும். ரிலீஸ் அதையும் பிடிக்கும்.

ஆன்ட், ஃபைலின் தேதியைப் பார்த்துத்தான் எதைக் கம்பைல் செய்வது என்று முடிவெடுக்கிறது. ஒரு ஸ்டாட்டிக் ஃபைனல் எண்ணை மாற்றினால் அந்த கிளாஸ் மட்டும் புதிதாகும். அதைப் பயன்படுத்தும் கிளாஸில் பழைய எண்ணே பதிந்திருக்கும். வெளியீட்டுக்கு முன் கிளீன் செய்தே பில்ட் போடுங்கள்.

புது ப்ராஜெக்ட்டுக்கு ஆன்ட் வேண்டாம். ஜார்களைத் தேடி இறக்கும் வேலையை அது செய்யாது; அதற்கு ஐவி என்ற தனிக் கருவியைக் கூட்டிவர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பழையதை மேவனுக்கு மாற்றச் சொல்பவர்கள், லிப் ஃபோல்டரில் கிடக்கும் ஜார்களின் பெயரில் வெர்ஷன் எண் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.