கட்டணம் கேளாத நூலகம்

நம்மிடம் முன்னர் அரபு இலக்கணம் பயின்று, இப்போது கல்லூரியொன்றில் அரசியல் படித்துவரும் மாணவரொருவர், பேச்சுப் போட்டிக்கென எழுதிய உரையைத் திருத்தித் தருமாறு கொண்டுவந்தார். உரையின் முகப்பிலேயே வால்டேரின் பெயரில் ஒரு வாக்கியம் நின்றது. மாற்றுக் கருத்துடையவனின் பேச்சுரிமைக்காக உயிரையும் ஈவது பற்றி மேடைதோறும் முழங்கப்படும் அதே வாக்கியந்தான். “இது அவருடைய எந்த நூலில் வருகிறது?” என்று கேட்டோம். மாணவர் விழித்தார். ஹதீஸுக்கு இஸ்னாது கேட்டுப் பழகிய நமக்கு, அறிவிப்பாளர் வரிசையில்லாத வாக்கியத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. இருவருமாகத் தேடினோம். வால்டேர் 1778இல் மறைந்தார். நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்து, 1906இல், ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்னும் ஆங்கிலப் பெண்மணி டாலன்டைர் என்ற புனைபெயரில் வெளியிட்ட நூலொன்றில், அவருடைய மனப்போக்கை விளக்கத் தாமே அமைத்த சொற்றொடர் அது என்பது புலனாயிற்று.

இத்தேடலின்போது நாம் நுழைந்து, பின்னர்ப் பல இரவுகள் வெளியேற மனமின்றித் தங்கிவிட்ட இடம் ‘ஆன்லைன் லைப்ரரி ஆஃப் லிபர்டி’ என்னும் இணைய நூலகம். அதைப் பற்றிய நமது மதிப்பீட்டை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் வணிகருமான பியர் குட்ரிச் என்பவர் 1960இல் ‘லிபர்டி ஃபண்ட்’ என்ற அறக்கட்டளையை நிறுவினார். அவருடைய தந்தை அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஒதுக்கி, அது எவ்வாறு செலவிடப்பட வேண்டும் என்பதையும் விரிவாக எழுதிவைத்துவிட்டு 1973இல் குட்ரிச் காலமானார். வக்ஃபு பத்திரங்களைப் படித்துப் பழகியவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. வாக்கிஃபின் நிபந்தனை அவர் மறைவுக்குப் பின்னும் பேசிக்கொண்டுதானிருக்கும். அந்த அறக்கட்டளை 2004இல் திறந்ததே இந்நூலகம். தனிமனித உரிமை, உடைமை, வரம்புக்குட்பட்ட அரசு ஆகியவை பற்றிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை எவரும், எங்கிருந்தும், காசு கொடாமல் படிக்கலாம், படியெடுத்துக்கொள்ளலாம்.

இக்கொள்கைக்குத் தமிழில் நிலைத்த பெயரில்லை. ‘தாராளவாதம்’ என்றால் லிபரலிசம் முழுவதையும் குறித்துவிடும். ‘விடுதலைவாதம்’ என்றாலோ வேறு நினைவுகள் வந்து மொய்க்கும். ‘தன்னுரிமைவாதம்’ என ஈண்டு வழங்குவோம். மேலைமொழிகளிலும் இப்பெயருக்கு ஒரு கதையுண்டு. 1857இல் ஜோசப் தெஜாக் என்ற பிரெஞ்சுத் தொழிலாளர் அச்சொல்லை அரசியற் பொருளில் ஆண்டார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அதையே பெயராக வைத்து ஓர் இதழும் நடத்தினார். அவர் அரசை மட்டுமன்றித் தனியுடைமையையும் எதிர்த்தவர்! இன்றோ தனியுடைமையைக் காப்போரே அப்பெயரைச் சூடியிருக்கின்றனர். சொற்களும் குடிபெயர்கின்றன.

நூலகத்தின் முகப்பில் ஆப்பெழுத்துச் சின்னம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. ‘அமகி’ என்னும் சுமேரியச் சொல் அது. லகாஷ் நகரக் களிமண் ஆவணமொன்றில், கி.மு. 2300 அளவில் எழுதப்பட்டது. ‘சுதந்திரம்’ என்ற கருத்து எழுத்தில் ஏறிய முதலிடம் என்று அறிஞர் பலர் கருதுவது. சின்னம் அழகியது. ஆனால் இதனைத் தேர்ந்தவர்கள் அதன் பொருளைக் கொஞ்சம் ஆழமாகத் தோண்டியிருக்க வேண்டும். அமகி என்பதன் நேர்ப்பொருள் ‘தாயிடம் திரும்புதல்’. கடனுக்காக அடிமைப்பட்டவன் விடுவிக்கப்பட்டுத் தன் வீடு சேர்வதே அது. விடுவித்தவர் யார்? உருகாகினா என்ற மன்னர். கடன் கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் இடையிலிருந்த ஒப்பந்தத்தை ஆட்சியாளர் தம் ஆணையால் அறுத்தெறிந்த நிகழ்ச்சிக்கு இட்ட பெயரே, ஒப்பந்தத்தில் அரசு கைவைக்கலாகாது என்போரின் கொடியில் பறக்கிறது! அக்காடிய மொழியில் இதற்கு ஈடாக வழங்கிய ‘அந்துராரு’வும், எபிரேயத்தின் ‘தெரோர்’ என்பதும் ஒரே வேரின. அந்த எபிரேயச் சொல் வரும் லேவியராகமத் தொடரின் ஆங்கில வடிவமே பிலடெல்பியாவின் சுதந்திர மணியில் பொறிக்கப்பட்டது. அங்கும் பேசப்படுவது ஐம்பதாம் ஆண்டில் அடிமைகளும் நிலங்களும் மீளும் செய்தியே. சின்னத்தை மாற்றுக என நாம் கூற வரவில்லை. கடன்பட்டவனின் நினைவு அச்சின்னத்தினுள் இருக்கிறது என்பதை மறைக்காதிருந்தால் போதும்.

இனி நூல்களுக்கு வருவோம். ஆடம் ஸ்மித்தின் நூல்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பதிப்பிலும், ரிக்கார்டோவின் நூல்கள் ஸ்ராஃபாவின் பதிப்பிலும் இங்குள்ளன. கிடைத்த பழம்படியொன்றை அப்படியே ஏற்றிவிட்டு ‘நூலகம்’ என்று பெயரிடும் வழக்கம் மலிந்த காலத்தில், முகாபலா செய்து, பாடபேதம் குறித்து, பக்க எண்ணோடு தருவது பெருந்தொண்டு. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மன்னரையும் பாராளுமன்றத்தையும் ஒருங்கே எதிர்த்து நின்ற லெவலர்களின் துண்டுப் பிரசுரங்கள் ஏழு தொகுதிகளாகச் சேர்க்கப்பட்டுள்ளமை தனியே குறிப்பிடத்தக்கது. ரிச்சர்டு ஓவர்டன் 1646இல் நியூகேட் சிறையிலிருந்து விடுத்த பிரசுரமும் அவற்றுள் ஒன்று. ஜார்ஜ் தாமசன் என்ற புத்தக வணிகர் அக்காலத்திலேயே அத்தகைய பிரசுரங்களைத் தேடித் தேடிச் சேர்த்துவைத்தார். அவை பிரிட்டிஷ் நூலகத்துக்குச் சென்றோர்க்கே கிட்டுவனவாயிருந்தன. இன்று நம்மூர் மாணவர் கைபேசியில் புரட்டுகிறார்.

ஆயினும் இந்நூலகத்தின் தலையாய சிறப்பு அதன் அமைப்பாளர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத ஒன்று. ஜான் ஸ்டூவர்ட் மில்லின் எழுத்துகள், டொரொண்டோப் பல்கலைக்கழகம் பதிப்பித்த முப்பத்துமூன்று தொகுதிகளும் இங்குள்ளன. முப்பதாம் தொகுதி இந்தியாவைப் பற்றியது. மில் 1823இல் தம் பதினேழாம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் சேர்ந்து, 1858 வரை அங்கேயே பணியாற்றினார். இந்தியாவுக்கு அனுப்பப்படும் ஆணைகளை எழுதுவதே அவர் தொழில். கம்பெனியாட்சி ஒழிக்கப்படவிருந்தபோது அதனைக் காக்கும் விண்ணப்பத்தை வரைந்ததும் அவரே. மறு ஆண்டு, 1859இல், ‘ஆன் லிபர்டி’ வெளிவந்தது. தனிமனிதனின் உரிமைக்கு அதனினும் சிறந்த வழக்குரை அரிது. அதே நூலின் முற்பகுதியிலேயே, இக்கோட்பாடு பின்தங்கிய சமூகங்களுக்குப் பொருந்தாதென்று ஒரு கதவு அடைக்கப்படுகிறது. அக்கதவுக்கு வெளியே நின்றவர்களில் நம் பாட்டனார்களும் இருந்தனர்.

மில்லை நேசிக்கும் ஓர் அமைப்பு, ‘தேர்ந்தெடுத்த மில்’ என ஒரு தொகுதியை வெளியிட்டு இதனையெல்லாம் எளிதாக மறைத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. முழுமையாகக் கொடுத்ததனால் தம் தலைவர்க்கு எதிரான சான்றையும் தம் கையாலேயே கொடுத்துவிட்டனர். மார்க்ஸின் ‘மூலதன’மும் இங்குண்டு; அதனை மறுத்த பேம்பாவெர்க்கின் நூலும் அருகிலுண்டு. இமாம் கஸ்ஸாலி, தத்துவவாதிகளை மறுத்துத் ‘தஹாஃபுத்’ எழுதினார். அவர்கள் கூறுவது யாதென்று ‘மகாஸித்’ என்ற நூலில் தனியே நேர்மையாக எடுத்துரைத்தும் இருந்தார். எத்துணை நேர்மையெனில், லத்தீனில் அதனைப் படித்த ஐரோப்பியர் பலர் அவரையும் அத்தத்துவவாதிகளில் ஒருவரென்றே எண்ணிவிட்டனர். கொள்கையாளர் அமைக்கும் நூலகத்துக்கு இதுவே உரைகல்.

அந்த உரைகல்லில் இந்நூலகத்தின் ஒரு பகுதி மாற்றுக் குறைகிறது. அது மேற்கோள்களின் பகுதி. பெரிய நூல்களிலிருந்து சிறு பத்திகளைப் பறித்து, தலைப்பிட்டு, சிறு விளக்கம் சேர்த்து நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கிறார்கள். மூலத்துக்கு வழிகாட்டியுள்ளனர் என்பது உண்மையே. வால்டேரின் பெயரில் உலவும் அந்த வாக்கியத்துக்கு அத்தகைய வழியும் இல்லை. எனினும் படிப்பவர் அவ்வழியே செல்வாரா? ஸ்மித்தின் ‘கட்புலனாகாக் கை’யை அறிந்தோர் ஆயிரம் பேர், விலையை உயர்த்த வணிகர் கூடிச் சதி செய்வது பற்றி அதே நூலில் அவர் எழுதியதை அறிந்தவர் அவர்களுள் எத்தனை பேர்? நூலகம் பந்தி விரிக்க வேண்டும். வாயிலில் நின்று தின்பண்டம் விநியோகிப்பது அதன் வேலையன்று.

மற்றொரு குறைக்கு அமைப்பாளர்கள் பொறுப்பாளிகளல்லர். இருபதாம் நூற்றாண்டில் இக்கொள்கை எடுத்த வடிவத்தை அறிய விரும்புவோர்க்கு ஹயெக்கின் 1944ஆம் ஆண்டு நூலும், நோசிக்கின் 1974ஆம் ஆண்டு நூலும் இன்றியமையாதவை. அவை பதிப்புரிமைக் காவலில் உள்ளன. எதிரணியில் ரால்ஸின் 1971ஆம் ஆண்டு நூலும் அவ்வாறே. அமெரிக்கா 1998இல் சட்டமியற்றிக் காப்புக் காலத்தை மேலும் இருபதாண்டு நீட்டித்தது. பதிப்புரிமை என்பது உடைமையா, அரசு வழங்கிய ஏகபோகமா என்பதில் தன்னுரிமைவாதிகளே இரண்டுபட்டு நிற்கின்றனர். லைசாண்டர் ஸ்பூனர் 1855இல், எழுத்தாளனின் உடைமை என்றென்றைக்கும் உரியதென வாதிட்டார். ஸ்டீபன் கின்செல்லா 2001இல், அதனை உடைமையென்பதே பிழையென்றார். 1982இல் தொடங்கப்பட்ட மீசெஸ் நிறுவனம் பின்னவர் பக்கம் சாய்ந்து, தன் வெளியீடுகள் பலவற்றை இணையத்தில் வாரி வழங்குகிறது. ஸ்பூனர் வென்றிருந்தால் அவருடைய நூலைக்கூட நாம் இன்று காசு கொடுத்தே வாங்க வேண்டியிருக்கும்!

மொழியின் தடையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1826இல் பாரிஸ் சென்ற எகிப்திய அறிஞர் ரிஃபாஆ அத்தஹ்தாவி, பிரெஞ்சு அரசியல் சாசனத்தை அரபியில் பெயர்த்தபோது, ‘லிபர்ட்டே’ என்று அவர்கள் விரும்பி அழைப்பதை நம்மிடையே நீதி, நேர்மை என்று வழங்குவதோடு பொருத்திக் காட்டினார். அதுவரை ‘ஹுர்ரிய்யத்’ என்பது பெரும்பாலும் அடிமையல்லாதவனின் நிலையைக் குறித்த சட்டச்சொல். ஒரு கருத்து புதுமொழிக்குள் நுழைய ஒருவர் இப்படித் தடுமாறித்தான் ஆகவேண்டும். 1959இல் சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த ராஜாஜி இக்கருத்துகள் சிலவற்றைத் தமிழ்நாட்டு மேடைகளில் பேசினார். அவரோடு கருத்துப்போர் நடத்தியோரும் தமிழிலேயே நடத்தினர். ஆயினும் ஓவர்டனின் அப்பிரசுரம் இருபது பக்கங்கூட நீளாதது. அதனைத் தமிழாக்க நமக்குள் ஒருவர் முன்வந்தால் இவ்விதழில் இடம் தரலாமென ஆசிரியரைக் கேட்டிருக்கிறோம்.

மாணவர் தம் உரையிலிருந்து வால்டேரை நீக்கிவிட்டார். அவ்விடத்தில் மில்லைச் சேர்ப்பதாகச் சொன்னார். சென்ற வாரம் வந்தபோது கையில் முப்பதாம் தொகுதியின் சில பக்கங்களை அச்செடுத்து வைத்திருந்தார். ஓரங்களில் பென்சிற் குறிப்புகள். போட்டிக்கு ஐந்து நிமிடமே தருகிறார்களாம், பத்தவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.