விருப்பப் பாடம் யாருடைய விருப்பம்?

பாடத்திட்டமும் ஒரு பிரதிதான். எதை நடுவில் வைக்கிறது, எதை ஓரத்துக்குத் தள்ளுகிறது என்று ஒரு கவிதைத் தொகுப்பை வாசிப்பதுபோலவே அதையும் வாசிக்கலாம். அமெரிக்காவின் எம்.பி.ஏ. பாடத்திட்டங்களை நான் அப்படித்தான் வாசித்தேன். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் முதலாண்டு நிதி, கணக்கியல், சந்தைப்படுத்தல் என்று எல்லோருக்கும் கட்டாயப் பாடங்கள். இரண்டாமாண்டு விருப்பப் பாடங்கள். ஒருவர் எதையெல்லாம் கற்காமலே மேலாளராகிவிடலாம் என்பதையும் இந்தப் பிரிவினை சொல்லிவிடுகிறது.

ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளியில் ‘இன்டர்பர்சனல் டைனமிக்ஸ்’ என்ற விருப்பப் பாடம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. மாணவர்கள் சிறு குழுவாக அமர்ந்து, ஒருவர் பேச்சு மற்றவருக்குள் என்ன செய்தது என்பதை நேருக்கு நேர் சொல்லப் பழகுகிறார்கள். பலரும் போட்டியிட்டுச் சேரும் வகுப்பு இது. ஆனாலும் அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘டச்சி ஃபீலி’. செல்லம் பாதி, கேலி பாதி. உணர்ச்சியைப் படிப்பதென்றால் சற்று வெட்கப்பட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆர்லி ஹாக்‌ஷில்டு 1983இல் வெளியிட்ட ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ நூலில் விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்தார். தன் எரிச்சலை விழுங்கிக்கொண்டு பயணியின் கோபத்தைத் தணிப்பது உழைப்பு என்று காட்டினார். அதைப் பெண்ணின் சுபாவம் என்று சொல்லிவிட்டால் கூலியில் சேர்க்க வேண்டியதில்லை. நம் அகப்பாடல்களின் தோழியை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவியைத் தேற்றுகிறாள், தலைவனிடம் வாதாடுகிறாள், செவிலியிடம் அறத்தொடு நிற்கிறாள். அத்தனை உறவுகளையும் தாங்குகிற அவளுக்கென்று ஒரு காதல் அங்கே இல்லை. அதே ஆற்றலை மேலாளர் கட்டணம் செலுத்திக் கற்றால் அது தலைமைப் பண்பு ஆகிவிடுகிறது.

ஹார்வர்டின் வகுப்புகள் ‘கேஸ்’ முறையில் நடப்பவை. ஒரு நிறுவனத்தின் சிக்கல் முன்வைக்கப்படும். அதில் முடிவெடுக்க வேண்டிய ஒருவர் இருப்பார். இரண்டாண்டு எம்.பி.ஏ. படிப்பில் பெண்களை 1963இல் சேர்க்கத் தொடங்கிய அந்தப் பள்ளியில், 2014இலும் சுமார் 9 சதவீத கேஸ்களில்தான் மையப்பாத்திரம் பெண். அந்த ஆண்டு அதன் முதல்வர் நிதின் நோரியா பெண்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, ஐந்தாண்டுகளில் அதை 20 சதவீதமாக்குவதாகச் சொன்னார். ஐந்தில் ஒரு பங்குதான் இலக்கு. ஆனாலும் ஒரு புதிய விருப்பப் பாடத்தைவிட இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பெண்களைப் பற்றிய வகுப்பை ஒருபோதும் தேர்ந்தெடுக்காத மாணவனின் மேசைக்கும் இந்த மாற்றம் போய்ச் சேரும்.

அப்படியானால் எல்லாவற்றையும் கட்டாயமாக்கிவிடலாமா? கூடாது. மனத்தைத் திறந்து காட்டு என்று ஒருவரை வற்புறுத்துவது வன்முறை. அது பெண்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த வகுப்பு விருப்பமாகவே இருக்கட்டும். கட்டாயப் பாடத்துக்குள் வர வேண்டியது வேறு. கூட்டத்தில் குறிப்பெடுத்தது யார், புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை கற்றுக்கொடுத்தது யார், சண்டையைத் தீர்த்துவைத்தது யார், பதவி உயர்வின்போது அந்த நேரம் கணக்கில் ஏறியதா? இவை உழைப்பை அளப்பது பற்றிய கேள்விகள். அளப்பதுதானே மேலாண்மைப் படிப்பின் பெருமை! பிறர்மேல் செலுத்தும் அதிகாரத்தையும் பிறரோடு சேர்ந்து உருவாக்கும் அதிகாரத்தையும் 1920களிலேயே பிரித்துக் காட்டியவர் மேரி பார்க்கர் ஃபாலெட். மேலாண்மைச் சிந்தனையின் தொடக்கத்திலேயே நிற்கும் அந்தப் பெண்ணை வாசிப்பது ஏன் ஒருவரின் விருப்பத்தைப் பொறுத்திருக்க வேண்டும்?

இதை வாசிக்கும் மாணவிகள் தங்கள் பாடத்திட்டத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெண்ணியம் விருப்பப் பாடங்களின் பட்டியலில் இருந்தால், அந்த வகுப்புக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். வராதவர்கள்தான் நாளை உங்கள் வேலையை மதிப்பிடும் நாற்காலியில் அமரக்கூடும்.